கை தவறி உருண்ட தேங்காய்

கொரோனா அடங்கிய மறு வருஷம் ஆனி மாதத்தில், என் மனைவி சரோஜாவின் கழுத்து இடப்பக்கம் திரும்பி அப்படியே நின்றுவிட்டது. குளியலறையில் கால் வழுக்கியது. விழாமல் குழாயைப் பிடித்துக்கொண்டாள். விழவில்லையே என்று அன்று இருவரும் சந்தோஷப்பட்டோம். மறுநாள் காலையில் தலை வலப்பக்கம் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை.

வேறு வீடாக இருந்தால் இது ஒரு சுளுக்கு. எங்கள் வீட்டில் இது பெரிய அவமானம். ஏனென்றால் அடியார்களே, கழுத்தைத் திருப்புவதுதான் என் தொழில்.

நான் ஆந்திர எல்லையில், வரதய்யபாளையத்துக்குப் பக்கத்துக் கிராமத்தான். என் தகப்பனார் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்து என்னைப் பட்டப்படிப்பு வரை படிக்கவைத்தார். சென்னையில், வெளிநாட்டில் கற்று வந்த ஒரு கைரோபிராக்டரிடம் ஒன்பது வருஷம் உதவியாளனாக இருந்து இந்த வேலையைக் கற்றுக்கொண்டேன். முதுகிலும் கழுத்திலும் இறுகிப்போன மூட்டுகளைக் கையால் சட்டென்று ஒரு தள்ளுத் தள்ளி விடுவிக்கிற வேலை. தள்ளும்போது 'டக்' என்று சத்தம் வரும். முதலில் சித்தூரில் கிளினிக் வைத்தேன், பிறகு திருப்பதிக்கு வந்தேன். எலும்பு முறிந்தவர்கள் புத்தூருக்குக் கட்டுப் போடப் போவார்கள். முறியாமல் பிடித்துக்கொண்டவர்கள் என்னிடம் வருவார்கள்.

எனக்கு எதையும் எண்ணுகிற பழக்கம் உண்டு. ஒரு கழுத்துக்கு எத்தனை 'டக்' வந்தது என்று மனதுக்குள் எண்ணுவேன். வருகிறவர்களும் எண்ணுவார்கள். "போன தபா ஏழு வந்துச்சு சார், இந்தத் தபா நாலுதான்" என்று குறைப்பட்டுக்கொண்டு போனவர்கள் இருக்கிறார்கள். அந்தச் சத்தம்தான் வைத்தியம் என்று அவர்கள் நம்பினார்கள். உண்மையைச் சொன்னால் நானும் அப்படித்தான் நம்பினேன்.

சரோஜாவை எலும்பு டாக்டர் அம்மாவிடம் அழைத்துப் போனேன். படங்கள் எடுத்தார்கள். முறிவில்லை, நரம்பு நசுங்கவில்லை. ஆனால் எலும்பில் சுண்ணாம்புச் சத்து ரொம்பக் குறைந்துபோயிருந்தது. அந்த அம்மாவுக்கு என் தொழில் தெரியும். படத்தை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டே தெலுங்கில் ஆரம்பித்தார்.

"செய்யி பெட்டொத்து சார். கையே வைக்காதீங்க. உங்க டக்கு டக்கெல்லாம் இந்தக் கழுத்துக்கு ஆகாது. உடைஞ்சிடும்."

"அப்போ இது எப்படித் திரும்பும்?"

"பயத்துல சதை பிடிச்சுக்கினு இருக்கு. பயம் போனா திரும்பும். மாத்திரை தரேன். காலர் போடுங்க."

பயத்துக்கு எந்த மாத்திரை என்று கேட்க நினைத்தேன். சீட்டை வாங்கிக்கொண்டு வந்தேன்.

காலர் போட்டாள். கழுத்தில் புண் வந்ததுதான் மிச்சம். மாத்திரை முடிந்தது, வெந்நீர் ஒத்தடம் முடிந்தது, ஆடியும் முடிந்தது. கழுத்து இடப்பக்கமே நின்றது. அவளால் தெருவைக் கடக்க முடியவில்லை. வலப்பக்கம் வருகிற வண்டி அவளுக்குத் தெரியாது. கடைக்குப் போவது நின்றது, பிறகு மாடிப்படி இறங்குவதும் நின்றது. சாப்பிடும்போது நான் இடப்பக்கம் உட்கார்ந்தால்தான் என் முகம் அவளுக்குத் தெரியும். மறந்துபோய் வலப்பக்கம் உட்கார்ந்துவிட்டால், சுவரைப் பார்த்துக்கொண்டு என்னோடு பேசுவாள்.

ஒருநாள் மனம் கேட்காமல், தள்ள வேண்டாம், சும்மா தொட்டாவது பார்ப்போம் என்று அவள் பின்னால் போய் நின்று கழுத்தில் கை வைத்தேன். சதை கல்லாக இறுகியது. தோள் இரண்டும் காதுவரை ஏறிவிட்டன.

"கைய எடுங்க" என்றாள்.

"நான் ஒண்ணும் பண்ணல சரோஜா."

"தெரியும். எடுங்க. உங்க கை வந்தாலே எனக்கு டக்குனு கேக்குது."

கல்யாணமாகி நாற்பத்திரண்டு வருஷம். என் கைக்கு அவள் பயந்து அன்றுதான் பார்த்தேன்.

மறுநாள் கிளினிக்குக்குப் போனேன். போகாமல் என்ன செய்வது? ஒருவர் கழுத்தைப் பிடித்துத் தள்ளினேன். 'டக்' என்றது. எனக்கு உடம்பு கூசியது. வாசலில் டீக்கடை வைத்திருக்கும் முனிரத்தினம் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னான்: "ஊர் கழுத்தெல்லாம் திருப்புறாரு நம்ம சாரு. வூட்டுக் கழுத்து மட்டும் இவரப் பாத்துத் திரும்ப மாட்டேங்குது." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். உள்ளே போனால் என் கைக்குத் தெரிந்தது அந்த ஒரு தள்ளு, வீட்டுக்குப் போனால் அதையும் செய்யக்கூடாது. இரண்டு பக்கமும் கதவை அடைத்த மாதிரி இருந்தது. தொழிலை விட்டுவிடலாம் என்று நினைத்தேன். விட்டால் மட்டும் அவள் கழுத்து திரும்பிவிடுமா?

ஆவணியில் ஒரு சனிக்கிழமை மாலை அலிபிரிக்குப் போனேன். மலைப்படி ஆரம்பிக்கிற இடத்தில், பாத மண்டபத்தில், பெருமாளின் பாதரட்சையைத் தலையில் வைத்துக்கொண்டு வலம் வருவார்கள். நானும் வாங்கித் தலையில் வைத்துக்கொண்டேன். அழக்கூடாது என்று இருந்தேன், முடியவில்லை. "பெருமாளே, எனக்குத் தெரிந்த ஒரே வழியை நீயே மூடிவிட்டாய். இன்னொன்றைத் திற. இல்லையென்றால் இந்தக் கையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது என்றாவது சொல்." இவ்வளவுதான் என் வேண்டுதல். பதில் எதுவும் வரவில்லை. அடுத்த சனிக்கிழமையும் போனேன். அதற்கடுத்ததும் போனேன்.

வீட்டில் சரோஜாவும் சும்மா இல்லை. ஊரில் எங்கள் பெருமாள் கோயிலில் புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை அங்கப்பிரதட்சணம் செய்வதாக வேண்டிக்கொண்டிருந்தாள். கேட்டதும் சண்டைக்குப் போனேன்.

"அந்த எலும்பை வெச்சிக்கினு கல்லு தரையில உருளப் போறியா?"

"வேண்டிக்கினேன். இன்னா பண்ணச் சொல்றீங்க?"

"நான் உருள்றேன்."

ஒருவருக்காக இன்னொருவர் உருளுவது எங்கள் பக்கத்தில் வழக்கம்தான். என்னை மேலும் கீழும் பார்த்தாள், அதாவது அவளால் முடிந்த பக்கமாகப் பார்த்தாள். "சரி. மூணு சுத்து. எண்றதுக்கு உங்களுக்கு ஆளா வேணும்" என்றாள்.

மூன்றாம் சனிக்கிழமை காலை ஊருக்குப் போய்ச் சேர்ந்தோம். குளத்தில் முழுகி, ஈர வேட்டியோடு கருடகம்பத்தின் முன்னால் படுத்தேன். வழக்கப்படி இரண்டு கையையும் தலைக்கு மேலே நீட்டி, ஒரு தேங்காயைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். என் சித்தப்பா மகன் ஏழுமலை காலடியில் நின்று, நான் கோணிப் போகாமல் தள்ளிவிட வந்தான். சரோஜா என் தலைமாட்டில், சந்நிதிச் சுவரை ஒட்டி நடந்தாள். அங்கே நடந்தால்தான் நான் அவளுக்கு இடப்பக்கம் இருப்பேன்.

எனக்குப் பயம்தான். கல் வழுக்கும், தலை இடிக்கும், இந்த வயதில் சளி பிடித்தால் நெஞ்சில் இறங்கும். எல்லாவற்றையும் நினைத்துக்கொண்டே உருண்டேன்.

"அண்ணா, நேரா உருளு. செவுத்தாண்ட போற" என்றான் ஏழுமலை.

"நீ நேரா தள்ளு."

"நீ மூட்ட மாதிரி விறைச்சுக்கினு இருந்தா எப்டித் தள்றது? தலையக் கீழ வுடு."

தலையைக் கீழே விட்டேன். தரை அதைத் தாங்கிக்கொண்டது. அதன் பிறகு கழுத்தை நான் திருப்பவே இல்லை. உடம்பு புரண்டது, கழுத்து தானாகக் கூடவே வந்தது. இத்தனை வருஷம் கழுத்துகளோடு இருந்தவனுக்கு அது புதிதாக இருந்தது. அதைப் பற்றி யோசித்துக்கொண்டே போனதில், கோயிலின் வடபக்கம் வந்தபோது கை தளர்ந்து தேங்காய் நழுவிவிட்டது.

அபிஷேகத் தண்ணீர் விழுகிற கோமுகத் தொட்டி அங்கேதான் இருக்கிறது. தரை அதை நோக்கிச் சரிவு. தேங்காய் சரோஜாவின் காலுக்கு முன்னால் குறுக்கே போய், வலப்பக்கமாக உருண்டது. வேண்டுதல் தேங்காய் கை தவறினால் என்ன ஆகுமோ என்று கையை நீட்டித் துழாவினேன்.

"அய்யோ, காய் போது பாருங்க" என்றாள் சரோஜா. "அதோ, தொட்டியாண்ட போய் நின்னுச்சு."

தரையில் கிடந்தபடி அவளைப் பார்த்தேன். அவள் இடக்காதுத் தோடு வெயிலில் மின்னியது. மூன்று மாதமாக நான் அந்தத் தோட்டை இப்படிப் பார்த்ததில்லை. அவள் முகம் வலப்பக்கம், தொட்டியைப் பார்த்து இருந்தது. முதலில் கண் போயிருக்கிறது. பின்னாலேயே கழுத்தும் போயிருக்கிறது. அது அவளுக்கே தெரியவில்லை.

"அண்ணி, கழுத்து திரும்பிச்சு!" என்று ஏழுமலை கத்திவிட்டான்.

அவ்வளவுதான். அவள் திடுக்கிட்டாள். கழுத்து பழையபடி இடப்பக்கம் வந்து பூட்டிக்கொண்டது. மறுபடி திருப்பிப் பார்த்தாள், வரவில்லை. அழ ஆரம்பித்துவிட்டாள். ஆனால் நான் பார்த்துவிட்டேன். பூட்டைத் திறந்து, திறக்கும் என்று காட்டி, மறுபடி மூடினாற்போல் இருந்தது. இனி எப்படித் திறப்பது என்பதுதான் கேள்வி.

மீதியை உருண்டு முடித்து எழுந்தபோது, எத்தனை சுற்று சுற்றினேன் என்று எனக்குத் தெரியவில்லை. வாழ்க்கையில் முதல்முறை.

"ரெண்டா மூணாடா?" என்று ஏழுமலையைக் கேட்டேன்.

"யாருக்குத் தெரியும்? நான் தேங்காயத்தான் பாத்துக்கினு இருந்தேன்."

அந்தத் தேங்காயை உடைக்காமல் திருப்பதிக்கு எடுத்து வந்தேன். குடுமியைப் பிய்த்து மூன்று கண்ணும் தெரியும்படி சுத்தம் செய்தேன். சரோஜாவைப் பாயில் படுக்கச் சொன்னேன். தலையின் கனத்தைத் தரை தாங்கட்டும் என்று மெல்லிய துணியை மடித்துத் தலைக்கு அடியில் வைத்தேன். அவளை நான் தொடவில்லை. இடப்பக்கத்திலிருந்து அவள் தலைமாட்டைச் சுற்றி வலப்பக்கத்துக்குத் தேங்காயை மெதுவாக உருட்டினேன்.

"இன்னா இது, எழுபது வயசுல பந்து வெளையாட்டு?"

"கழுத்தத் திருப்பாத. திருப்பவே வேணாம். காய் நின்னதும் கண்ணு மூணும் எந்தப் பக்கம் கீதுன்னு மட்டும் சொல்லு."

முதல் நாள் பாதி தூரம்தான் அவள் கண் போனது. "தெரியல" என்றாள். தெரியாவிட்டால் பரவாயில்லை என்று எடுத்துவைத்துவிட்டேன். மறுநாள் கொஞ்சம் போனது. 'கழுத்து' என்கிற வார்த்தையையே வீட்டில் எடுக்கக்கூடாது என்று நானாக ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். ஐப்பசி போயிற்று, கார்த்திகை வந்தது. தேங்காய் முற்றிக் காய்ந்து உள்ளே குடுகுடுவென்று ஆடியது. தீப நாளில் அவள் உட்கார்ந்து விளக்குத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் மறந்துபோய் அவள் வலப்பக்கம் உட்கார்ந்து தீப்பெட்டியைத் தேடினேன். "அங்க இல்ல, உங்க முட்டிக்குக் கீழ கீது" என்றாள், என் முகத்தைப் பார்த்து.

நான் எதுவும் சொல்லவில்லை. சொன்னால் பூட்டிக்கொள்ளுமோ என்று பயம். உள்ளே போய்ப் பெருமாள் படத்தின் முன்னால் நின்றேன். அலிபிரியில் அழுதது போக மிச்சமிருந்த அழுகை எல்லாம் அங்கே வந்தது.

அதன் பிறகு கிளினிக்கில் யார் கழுத்தையும் நான் தள்ளுவதில்லை. தரையில் படுக்கவைத்து, கண்ணை முன்னே அனுப்பி, கழுத்தை அதன் பின்னே வரவிடுகிற இந்த முறையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்தேன். முதுகுக்கும் தோளுக்கும் வேறு வேறு விதமாக உருட்டுகிறேன். முதலில் கூட்டம் குறைந்தது. ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில் வேலை பார்க்கிற ஒரு தமிழ்நாட்டுப் பையன் பாயில் படுத்துக்கொண்டே, "சார், நாலு டக்கு எடுத்து அனுப்புவீங்கன்னு லீவு போட்டு வந்தேன். தேங்கா உருட்றீங்க. சூடம் எப்போ காட்டுவீங்க?" என்று கேட்டான். அடுத்த வாரம் அவனே தன் அம்மாவை அழைத்து வந்தான். கையே வைக்காதீங்க என்று சொன்ன டாக்டர் அம்மாவும் இப்போது, படம் பார்த்துச் சரி என்று தோன்றினால், ஆள் அனுப்புகிறார். முனிரத்தினம் என்னைத் தேங்காய் டாக்டர் என்கிறான். நான் டாக்டர் இல்லை என்று ஒவ்வொரு முறையும் திருத்துகிறேன். அவன் கேட்பதில்லை.

எல்லோருக்கும் சரியாகிறது என்று சொல்லமாட்டேன். கை மரத்துப்போனவர்களை, விழுந்து அடிபட்டவர்களை முதலில் ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்புகிறேன். பெருமாள் எனக்குக் காட்டியது ஒரு வழி. எல்லா வழியும் அல்ல.

ஆனால் ஒன்று சொல்வேன். நான் வேண்டியது புது வழி. அது வந்தபோது எனக்கு அபசகுனமாகத் தெரிந்தது. கை தவறிவிட்டதே என்று நடுங்கினேன். உங்கள் வீட்டிலும் இரண்டு பக்கமும் கதவு அடைத்திருக்கலாம். வேண்டிக்கொள்ளுங்கள், வேண்டிவிட்டுச் சுற்றிலும் பாருங்கள். நீங்கள் கேட்ட மாதிரி அது வராது.

அன்று சுற்றியது இரண்டா மூன்றா என்ற சந்தேகம் மட்டும் இன்னும் தீரவில்லை. அதனால் ஒவ்வொரு புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமையும் ஊருக்குப் போய் மூன்று சுற்றும், அந்தப் பழைய பாக்கிக்காக ஒன்றும் உருண்டுவிட்டு வருகிறேன். பாக்கி தீர்ந்திருக்கும் என்று சரோஜா சொல்கிறாள், எனக்குத்தான் நம்பிக்கை வரவில்லை. அவள் இப்போது நிழல் இருக்கிற பக்கமாக நடக்கிறாள். ஒரு சுற்றில் நான் அவளுக்கு இடப்பக்கம், மறு சுற்றில் வலப்பக்கம். எந்தப் பக்கம் போனாலும் என்னைப் பார்த்துத் திட்டிக்கொண்டே வருகிறாள்.

வருகிற புரட்டாசிக்கு நீங்களும் வாருங்கள். வடபக்கம் தரை சரிவாக, ஈரமாக இருக்கும், பார்த்து வாருங்கள். தேங்காயை மட்டும் ரொம்ப இறுக்கிப் பிடிக்க வேண்டாம்.