ஸ்டெல்லா அக்காவும் கவிழ்ந்த படகும்

தொழிற்சாலையில் காலைத் தேநீர் வேளையில் ஸ்டெல்லா அக்காவின் மகன் ரூபன் கைப்பேசியில் அழைத்தான்.

"ஆண்ட்டி, அம்மா போய்ட்டாங்க. குளியலறையில விழுந்தாங்க. ஆஸ்பத்திரி போறதுக்குள்ள…"

"சரிப்பா" என்றேன். பிறகு என் இடத்தில் உட்கார்ந்து, ரப்பர் கையுறைகளை ஊதி ஓட்டை பார்க்கும் வேலையைத் தொடர்ந்தேன். பக்கத்து நாற்காலி அக்காவுடையது. காலியாக இருந்தது. அழுகை வரவில்லை. இதை எழுதும்போதும் வரவில்லை.

அக்கா பத்து காஜா என்ற ஊர்ப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். தோட்டம் வீடமைப்புப் பகுதியானதும் குடும்பம் நகரின் புந்தோங் பகுதிக்கு வந்தது. கணவர் இளம் வயதிலேயே இறந்துவிட, ரூபனைத் தனியாக வளர்த்தார். சத்தமாகச் சிரிப்பார். மேற்பார்வையாளரே திரும்பிப் பார்ப்பார்.

எங்கள் தொழிற்சாலை விளையாட்டு மன்றம் கயாக் எனும் ஒற்றையாள் துடுப்புப் படகுகள் வாங்கியபோது, பயிற்சிக்குப் பெயர் கொடுத்த பெண்கள் நாங்கள் இருவர்தான். பழைய ஈயச் சுரங்கக் குளத்தில் பயிற்சி. ஆழத்துக்குப் போக வேண்டுமென்றால் படகை நாமே கவிழ்த்து, யார் உதவியும் இல்லாமல் திரும்ப ஏறிக் காட்ட வேண்டும்.

எனக்குச் சீக்கிரமே வந்துவிட்டது. அக்காவுக்குக் கனத்த உடம்பு. மார்பு வரை ஏறுவார். படகு அவர் மேலேயே புரளும். கரையில் தூண்டில் போடுகிறவர்கள் சிரிப்பார்கள்.

"சிரிக்கட்டும் லா. நான் என்ன அழகிப் போட்டிக்கா வந்திருக்கேன்?"

"போதும் அக்கா, கையெல்லாம் கன்னிப் போச்சு."

"நடுக்குளத்துல கவுந்தா யாரு வந்து தூக்குவா கலா? நானேதான ஏறணும்."

வாரக்கணக்கில் விழுந்தார். ஒரு நாள் வயிற்றைப் படகின் குறுக்கே போட்டு, காலால் தண்ணீரை உதைத்து, மெல்ல உருண்டு இருக்கையில் அமர்ந்தார். நாங்கள் கைதட்டினோம். அவரோ உடனே படகை மறுபடி கவிழ்த்தார். "முதல் தடவை சும்மா அதிர்ஷ்டமா இருந்தா?"

சென்ற மழைக்காலத்தில் திடீரென்று அடித்த காற்று எங்கள் இருவரையும் நடுக்குளத்தில் கவிழ்த்தது. கற்றதெல்லாம் எனக்கு மறந்துபோயிற்று. படகை விட்டுவிட்டுக் கரையை நோக்கி நீந்தப் பார்த்தேன். வாயில் தண்ணீர் ஏறியது. அக்கா அதற்குள் தம் படகில் ஏறியிருந்தார்.

"கலா! கரை தூரம். படகுகிட்ட திரும்பு!"

துடுப்புப் போட்டு வந்து, என் படகைத் தம் படகோடு சேர்த்து அணைத்துக்கொண்டார்.

"என்னால முடியல அக்கா."

"முடியும். வயித்த ஏத்து. கால் தானா வரும். ம்… இன்னொரு தடவை."

ஏறினேன். கரைக்கு வந்த பிறகும் அவர் துடுப்பைக் கீழே வைக்காமல் இறுகப் பிடித்திருந்தார்.

"எனக்கும் பயம்தான். யாருகிட்டயும் சொல்லிறாத" என்றார்.

இப்போது சொல்லிவிட்டேன், அக்கா. உங்களைத் தெரியாதவர்களும் தெரிந்துகொள்ளட்டும்.

ரூபன் அழைத்த அன்று மாலை புந்தோங் வீட்டுக்குப் போனேன். முன்னறையில் ஜெபம் நடந்துகொண்டிருந்தது. சற்று நேரம் நின்றுவிட்டுப் பின்கட்டுக்கு வந்தேன். முந்தைய நாள் பயிற்சிக்கு அவர் அணிந்த கால்சட்டையும் சட்டையும் கொடியில் தொங்கின. ரூபன் அவற்றின் கீழே நின்றிருந்தான்.

"ஆண்ட்டி, இதை எடுத்து உள்ள வச்சிரவா?"

தொட்டுப் பார்த்தேன். விளிம்பில் ஈரம் இருந்தது.

"இன்னும் காயலப்பா. இருக்கட்டும்" என்றேன்.

போய் வாருங்கள், அக்கா.