வலது கால் ஆயிரம்

முச்சக்கரவண்டியின் மீற்றரை நான் நம்புவதில்லை. மஹய்யாவையிலிருந்து குண்டசாலைக்கு ஒரே வழியில் மூன்று முறை போனால் மூன்று தூரம் காட்டுகிறது. இதற்காக வண்டிக்காரர்களுடன் சண்டை பிடிக்கும்போதெல்லாம் மாமாவின் மைல் நினைவுக்கு வந்துவிடும்.

நான் சின்னவனாயிருந்தபோது அக்காவை டவுன் பள்ளிக்கூடத்தில் சேர்க்கவேண்டியிருந்தது. ஒரு மைலுக்குள் குடியிருக்கும் பிள்ளைகளுக்குத்தான் அங்கே இடம். எங்கள் வீடு உள்ளேயா வெளியேயா என்பது யாருக்கும் நிச்சயமில்லை. அம்மாவின் தம்பியான மாமா, பாதிரியாராவதற்காகக் குருமடத்தில் லத்தீன் படித்துப் பாதியில் திரும்பியவர். அவர்தான் வழி சொன்னார்.

"மீலேன்னா லத்தீன்ல ஆயிரம். ரோமாபுரி சிப்பாய் வலது காலை ஆயிரம் தடவை ஊன்றுனா, அதுதான் மைல். யாரோட காலுன்னு எவனும் எழுதி வைக்கல."

மறுநாள் காலை மாமா, அக்கா, நான் மூவரும் வீட்டு வாசலிலிருந்து அளந்துகொண்டு புறப்பட்டோம். நெட்டையான மாமா, காற்சட்டைத் தையல் பிரியுமளவுக்கு எட்டி எட்டி வைத்தார். அவர் சத்தமாக எண்ணினார். நானும் அவருடைய வலது காலைப் பார்த்தே மனதுக்குள் எண்ணினேன். ரயில் கடவையருகே எழுநூற்றுப் பத்துக்குப் பிறகு எழுநூற்று ஐம்பத்தொன்று என்றார். பள்ளிக்கூட வாசலில் அவருடைய கணக்கு தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றாறு. என்னுடையது ஆயிரத்து முப்பத்தாறு.

"ஒரு மைலுக்குள்ளதான் சேர். இப்பதான் அளந்துகிட்டு வாறோம்," என்றார் மாமா. பள்ளிக்கூட அதிபர் படிவத்தில் எழுதப் பேனாவை எடுத்துவிட்டார்.

"மாமா நாப்பதை விட்டுட்டாரு சேர், ரயில் கடவைகிட்ட," என்றேன்.

அதிபர் என்னைப் பார்த்துச் சிரித்தார். பேனாவை மூடி, படிவத்தை மாமாவிடமே திருப்பிக் கொடுத்தார்.

"இவன் சிப்பாய்க்கு லாயக்கில்ல. தோட்டத்துல கணக்கப்பிள்ளையாக்கலாம்," என்றார் மாமா, வெளியே வந்ததும். எனக்கு உச்சி குளிர்ந்தது.

அக்கா என்னைத் திட்டவில்லை. பள்ளிக்கூட வாசலிலிருந்தே எங்களுக்கு முன்னால் நடந்தாள். சட்டையின் கீழ்விளிம்பு முழங்காலில் இறுகும்படி வலது காலை வீசி வீசி வைத்தாள். உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. கடவையருகே சறுக்கியபோது, சறுக்கிய இடத்துக்கே திரும்பிப் போய் அங்கிருந்து மறுபடி கால் வைத்தாள்.

நானும் அவளைப்போலவே தாவிக்கொண்டு பின்னால் ஓடினேன். வீட்டு வாசலில் அவள் நின்றதும், "எத்தனை வந்துச்சு அக்கா?" என்று கேட்டேன்.

அவள் செருப்பைக் கழற்றிப் படியில் வைத்துவிட்டு உள்ளே போனாள். விளையாட்டில் தோற்றுவிட்டாள் என்று நினைத்தேன்.