டெரிலிக்ட் என்று சொன்னார்கள்

மார்ட்டினும் அவன் தம்பி ராபினும் கடலுக்குப் போன மூன்றாம் நாள், அவர்களுடைய படகு மட்டும் அவர்கள் தீவில் ரங்கத் பக்கத்துப் படகுத்துறைக்கு வந்து சேர்ந்தது. ஆளில்லாமல் மிதந்ததை வேறு படகுக்காரர்கள் கட்டி இழுத்து வந்திருந்தார்கள். வலையும் மார்ட்டினின் சட்டையும் அப்படியே கிடந்தன.

மார்ட்டினின் மனைவி ஆக்சிலியா படகுத்துறையில் நின்றிருந்தாள். அதிகாரி ஒருவர் போனில் இந்தியில் பேசினார். நடுவில் 'டெரிலிக்ட்' என்று ஒரு சொல் வந்தது. மற்றதெல்லாம் அவளுக்குப் புரிந்தது, அது புரியவில்லை. அதைச் சொன்ன பிறகு அவர் குரலில் அவசரம் குறைந்துவிட்டதாக அவளுக்குப் பட்டது.

துணைக்கு வந்த பக்கத்து வீட்டு ரவிச்சந்திரன் ஆங்கில ஆசிரியர்.

"சாரே, டெரிலிக்ட்னா என்ன?"

அவர் தயங்கினார். "விட்டுட்டுப் போனதுன்னு அர்த்தம்மா."

"யாரு விட்டா?"

வேறு வழியில்லாமல் அவர் விவரமாகச் சொன்னார். அடியோடு கைவிடுவதைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து அது வந்தது. மீட்கும் நம்பிக்கையும் திரும்பும் எண்ணமும் இல்லாமல் ஆட்கள் விட்டுப்போன கப்பலைக் கடல் சட்டத்தில் அப்படிச் சொல்வார்கள். இடிந்து ஆளற்றுக் கிடக்கும் வீட்டையும் சொல்வதுண்டு. கடமையில் தவறியவனையும்கூட.

"மழ பெஞ்சா ஓடிப்போயி அந்த எஞ்சின மூடுத மனுசன் சாரே. அவிய விட்டுட்டுப் போவாவளா?"

அவள் நேரே அதிகாரியிடம் போனாள். "வோ லோக் சோட்கே நஹி கயா, சாப்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள், அவர்கள் விட்டுப் போகவில்லை என்று. ரவிச்சந்திரன் படகுக்குள் இறங்கி நங்கூரக் கயிற்றை இழுத்தார். நங்கூரம் இல்லை. கயிறு பாறையில் உரசித் தேய்ந்து அறுந்திருந்தது. அதிகாரி அதை வாங்கிப் பார்த்தார். படகு எங்கோ கரையோரம் நின்றிருக்கிறது என்று அவரே சொல்லி, ஆளில்லாத தீவுகளின் பக்கம் தேடச் சொன்னார்.

மறுநாள் ஒரு சின்னத் தீவில் மார்ட்டின் கிடைத்தான். உதடெல்லாம் வெடித்து, காய்ச்சலில் கிடந்தான். ராபின் இல்லை. எஞ்சின் நின்றுபோய் அங்கே ஒதுங்கியவர்கள் தண்ணீர் தேடிக் கரையேறியிருக்கிறார்கள். திரும்பி வந்தபோது படகு விலகிப் போய்க்கொண்டிருந்தது. நீந்திப் பிடிக்கிறேன் என்று ராபின் பாய்ந்திருக்கிறான்.

"நானும் சாடியிருக்கணும்" என்றான் மார்ட்டின், ஆஸ்பத்திரிக் கட்டிலில். "அலையப் பாத்து நின்னுட்டேன். அவன விட்டுட்டேன், ஆக்சிலி."

"நீங்க விடல்ல. அவன்தான் போனான்."

அவன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். ரவிச்சந்திரன் சொன்ன கடைசி அர்த்தம் அவளுக்கு ஞாபகம் வந்தது. அந்தச் சொல்லை அவன் காதில் விழவிடக் கூடாது என்று நினைத்தாள்.

ராபினின் உடல் கிடைக்கவில்லை. மார்ட்டின் கடலை விட்டு, பெரார்கஞ்சில் ஒரு பாக்குத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தான். ஆக்சிலியாவும் கூடப் போனாள். ஞாயிற்றுக்கிழமை பூசையில் இறந்தவர்களுக்காகப் பெயர் சொல்லி மன்றாடுவார்கள். ராபின் பெயரைக் கொடுக்க மார்ட்டின் இன்னும் சம்மதிக்கவில்லை.