நாய்களுக்கும் இடமுள்ள ஹோட்டல்

மகள் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், எங்கள் இருபத்தைந்தாவது திருமண நாளுக்காக நயாகராப் பக்கத்து ஹோட்டல் ஒன்றில் இரண்டு நாள் பதிவு செய்து தந்தாள். சுற்றிவரத் திராட்சைத் தோட்டங்கள். நடுவில் ஒரு சின்ன நகரம். அதன் கடைத்தெருவில் நூறு வருடங்களுக்கு மேலான செங்கல் கட்டடம்.

"நாயையும் கொண்டு போகலாம் அம்மா. இனிச் சாட்டுச் சொல்லாதேங்கோ" என்றாள்.

நாயை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று சொல்லியே நான் பல பயணங்களைத் தட்டிக்கழித்திருந்தேன். காப்பகத்திலிருந்து எடுத்த நாய். ஒரு காது மடிந்திருக்கும். டோர்செட் பார்க்கில் எங்கள் மாடிக் குடியிருப்பில் லிஃப்ட் வரும் சத்தத்துக்கே என் கால்களுக்குள் ஒளிந்துகொள்ளும். ஆனால் அந்த ஹோட்டல் அதற்குப் பிடித்துவிட்டது. கவுண்டரில் இருந்த பெண் ஒவ்வொரு முறையும் அதற்கு ஒரு பிஸ்கற் கொடுத்தாள்.

இரண்டாம் நாள் மத்தியானம், தோட்டமொன்றில் வாங்கிய வைன் போத்தலோடு திரும்பினோம். படி ஒடுக்கம். கணவர் நாயைப் பிடித்தபடி முன்னே ஏற, நான் பின்னால் போனேன். மேல்மாடியில் ஒரு கதவு திறந்தது. சாம்பல் நிறப் பெரிய நாய் ஒன்று, கழுத்து வார் நிலத்தில் இழுபட, குரைக்காமலே பாய்ந்து வந்து எங்கள் நாயின் கழுத்தைக் கவ்வித் துணியை உதறுவதுபோல உதறியது. எங்கள் நாய் குழந்தைபோலக் கத்தியது. கம்பளத்திலும் சுவரிலும் இரத்தம் தெறித்தது.

கணவர் முழங்காலில் விழுந்து அந்தப் பெரிய நாயின் வாய்க்குள் கையைவிட்டு விரித்தார். அது எங்கள் நாயை விட்டுவிட்டு அவர் கையைப் பிடித்தது. எலும்பு நெரிந்த சத்தம் எனக்குக் கேட்டது.

போத்தலின் கழுத்தைப் பிடித்து ஓங்கி அதன் முதுகில் அடித்தேன். விடவில்லை. தலையில் அடித்தேன். கையை விட்டது, வாலை ஒடுக்கிக்கொண்டு சுவர் மூலையில் போய்ப் படுத்தது. நான் பின்னால் போய் இன்னும் மூன்று தரம் அடித்தேன். முகத்தில்தான் அடித்தேன். போத்தல் உடையவில்லை. உடைந்திருந்தால் நிறுத்தியிருப்பேனோ தெரியாது. எழுபது வயது மதிக்கத்தக்க வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி வெறுங்காலோடு ஓடிவந்து என் கையைப் பிடித்துத் தொங்கினாள். அவளுடைய நாய் அது.

எங்கள் நாய்க்குக் கழுத்தைச் சுற்றித் தையல் போட்டார்கள், பிழைத்துக்கொண்டது. கணவருக்கு இரண்டு விரல் முறிந்திருந்தது. அந்த நாய்க்கு ஒரு கண் போய்விட்டது. விசாரிக்க வந்த அதிகாரி, வாரை ஒழுங்காகப் பிடிக்காதது அந்தப் பெண்ணின் பிழை என்று எழுதிக்கொண்டார். ஹோட்டல் மனேஜர் என்னைத் துணிச்சல்காரி என்றார்.

றூமுக்கு வந்ததும் கணவர் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். "அது கையை விட்டிட்டுதெல்லோ. பிறகும் ஏன் அடிச்சனீர்?"

"பயத்திலை அடிச்சிட்டன்."

"பயத்திலையோ?"

முதல் இரண்டு அடியும் பயத்தில் விழுந்தவை. மற்ற மூன்றும் அடிக்க அடிக்க எனக்குச் சுகமாக இருந்தன. அவரோடு வாழ்ந்த இத்தனை வருடத்தில் ஒரு பிள்ளைக்குக்கூட நான் கையோங்கியதில்லை.

அடுத்தநாள் காலை புறப்படுமுன் அந்தப் பெண்ணின் கதவைத் தட்டினேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், அவளுடைய நாய் விட்ட பிறகும் நான் அடித்தேன் என்று சொன்னேன்.

"தெரியும். பார்த்துக்கொண்டுதானே வந்தேன்" என்றாள். மன்னிப்பதாகவும் சொல்லவில்லை, திட்டவுமில்லை. கொஞ்ச நேரம் என் கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

கணவரால் ஸ்டியரிங் பிடிக்க முடியாததால் ரொறன்ரோ வரைக்கும் நானே கார் ஓட்டினேன். நாய் பின் சீற்றில், அவருடைய மடியில் படுத்து வந்தது.