ஆளுக்கு ஒரு பிடி

போன மாதம் கிள்ளானில் என் மனைவியின் அண்ணன் மகனுக்குக் கல்யாணம். மாப்பிள்ளையைக் குதிரையில் ஏற்றிக் கொண்டுவருவது இப்போது நம்மவர்களிடமும் வந்துவிட்டதல்லவா, அதுபோல மண்டப வாசலுக்கு ஒரு வெள்ளைக் குதிரையைக் கொண்டுவந்திருந்தார்கள். குதிரை கண்ணில் படுவதற்கு முன்பே அதன் வாசனை எனக்கு வந்துவிட்டது. வியர்வையும் கால் தைலமும் கலந்த வாசனை. சந்தனம், மல்லிகை, பிரியாணி எல்லாவற்றையும் தாண்டி அது மட்டும் தனியாக வந்தது. கை கூப்பி வரவேற்க நின்ற நான், பொண்ணு வீட்டாரை விட்டுவிட்டு அந்தப் பக்கம் நடந்தேன்.

"என்னங்க, மாப்பிள்ளைய பாக்காம குதிரைய பாக்கப் போறீங்க?" என்றாள் மனைவி.

மாப்பிள்ளை இறங்கிவிட்டார். உறுமி மேளம் மட்டும் நிற்கவில்லை. குதிரை முன்னங்காலால் தரையைச் சுரண்டியது. "டேய், மேளத்துக்கு ஆடுதுடா!" என்று பையன்கள் கைப்பேசியில் படம் பிடித்தார்கள். ஒரு பெண்மணி தட்டிலிருந்து லட்டு எடுத்து ஊட்டினார். அவர் பின்னால் இன்னும் நாலைந்து பேர் லட்டோடு நின்றார்கள். அப்போது அது கழுத்தைத் திருப்பித் தன் வயிற்றுப் பக்கம் பார்த்தது. யாரோ அங்கே கடிக்கிறார்கள் என்பது போன்ற பார்வை.

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

இளவயதில் நான் ஸ்ரீ கெம்பாங்கான் பக்கம் ஒரு பந்தயக் குதிரை லாயத்தில் சைஸ் வேலை பார்த்தவன். குதிரையைக் குளிப்பாட்டி, தீனி வைத்து, லத்தி அள்ளி, காலையில் நடத்திக் கூட்டிப் போகிறவன்தான் சைஸ். எனக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில் என் மாமா, "பையன் ரேஸ் லைன்ல இருக்கான்" என்று மட்டும் சொல்லி வைத்தார். எந்த லைன் என்பதை என் மனைவி கல்யாணத்துக்குப் பிறகு வாசனையை வைத்துத்தான் தெரிந்துகொண்டாள். ஆறாம் ஆண்டோடு தமிழ்ப்பள்ளியை விட்டவனுக்கு அந்த வேலை கிடைத்ததே ஆண்டவன் புண்ணியம்.

லாயத்தில் எனக்கு மூத்தவர் பெருமாள் அண்ணன். அவரும் சரோஜா அக்காவும் லாயத்துக்குப் பின்னால் இருந்த வரிசை வீட்டில் குடியிருந்தார்கள். அண்ணன் பொறுப்பில் ஒரு வெள்ளைப் பெண் குதிரை இருந்தது. பந்தயத்தில் அதற்கு என்னவோ ஆங்கிலப் பெயர். எங்களுக்கு அது அம்மணி. அண்ணன் கூப்பிட்டால் காது இரண்டையும் நிமிர்த்தும். மற்றவர்கள் கூப்பிட்டால் அரசாங்க அலுவலகத்துக் கவுண்டரில் இருப்பவர்களைப் போல எங்கேயோ பார்க்கும்.

லாயத்து மரத்தடியில் முனீஸ்வரர் இருந்தார். ஆயுத பூஜைக்கு அவர் முன்னால் சீப்பு, வாளி, சேணம், குளம்பு சுரண்டும் கொக்கி எல்லாம் கழுவிப் பொட்டு வைத்து அடுக்குவோம். அந்த வருடம் காலையில் குதிரைகளைப் பார்க்க வந்த டாக்டரின் பையையும் அண்ணன் விடவில்லை, சந்தனம் குங்குமம் வைத்துவிட்டார். டாக்டர் சீனர். ஆனால் எங்களோடு பழகிப் பழகி அவருடைய தமிழ் நடந்துபோகும், மலாய் ஓடும். "பையிக்கு பொட்டு, எனக்கு இல்லையா?" என்றார். அவர் நெற்றியிலும் ஒன்று வைத்தார் அண்ணன். அதை அழிக்காமலேயே கார் ஏறிப் போனார்.

பூஜை முடிந்தது. சைஸ் குடும்பங்கள், பக்கத்துக் கம்பத்து ஊர்க்காரர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். பிரசாதம் சுண்டல், பொரி, வெல்லம். அம்மணி வெள்ளைக் குதிரை, சாமி ஏறும் குதிரை என்று எல்லாருக்கும் ஒரு நினைப்பு. ஆளுக்கு ஒரு பிடி கொண்டுபோய் அதற்கு ஊட்டினார்கள். கைக்குழந்தையின் கையைப் பிடித்துக்கூட ஊட்ட வைத்தார்கள். அண்ணன் பக்கத்தில் நின்று பூரித்துப்போனார்.

மத்தியானம் அம்மணி தரையைச் சுரண்டியது. திரும்பித் திரும்பி வயிற்றைப் பார்த்தது. படுக்கப் போனது, எழுந்தது, மறுபடி படுக்கப் போனது.

அண்ணனின் அப்பா காலத்தில் என்றால் பெருங்காயம், ஓமம், இஞ்சி எல்லாம் கரைத்துப் பாட்டிலில் ஊற்றி, குதிரையின் தலையைத் தூக்கிப் பிடித்து வாயில் விட்டுவிடுவார்களாம். சில குதிரை பிழைக்கும், சிலதுக்கு மருந்து நுரையீரலுக்குள் போய் அதுவே எமனாகிவிடும். டாக்டர் வந்த பிறகு அந்தப் பாட்டில் வைத்தியத்தை எங்களை விடச் சொன்னார். விட்டுவிட்டோம்.

அன்றும் போன் போட்டவுடன் வந்துவிட்டார். நெற்றியில் பொட்டு இன்னும் இருந்தது. அம்மணியின் வயிற்றில் இரண்டு பக்கமும் காதுக் குழாயை வைத்துக் கேட்டார். முகம் மாறியது.

"பெருமாள், ஆப்பா காசி மாக்கான்? என்ன தீனி குடுத்தே?"

"எப்பவும் குடுக்குறதுதான் டாக்டர்."

"புதுசா ஒண்ணும் இல்ல?"

"முனீஸ்வரன் சத்தியமா இல்ல டாக்டர்."

அண்ணன் பொய் சொல்லவில்லை. அவர் வாழ்க்கையில் பொய்ச் சத்தியம் செய்தவர் இல்லை. பிரசாதத்தைத் தீனி என்று நினைக்க அவருக்குத் தெரியாது. அங்கே நின்ற எங்களில் யாருக்குமே தெரியவில்லை. டாக்டர் வேறு எதையோ சந்தேகப்பட்டு ஊசி போட்டு, நடத்தச் சொல்லி, காத்திருந்தார். அந்த நேரம் போனது போனதுதான்.

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த சரோஜா அக்காதான் ஈரக் கையோடு ஓடி வந்தார். "யோவ், சுண்டல் குடுத்தோமேய்யா! டாக்டர்கிட்ட சொல்லலியா?"

"அது பிரசாதம்டி!"

"கொண்டக்கடலடா சாமி! நான்தானே அவிச்சேன்!"

டாக்டர் எவ்வளவு என்று கேட்டார். ஒருவர் கையைக் குவித்துக் காட்டினார். "சிக்கிட் டாக்டர், கொஞ்சம்தான், ஒரு பிடி." பக்கத்தில் இருந்தவரும் காட்டினார். அவருக்கு அடுத்தவரும். நானும் காட்டினேன். குழந்தையின் கையைக்கூடத் தாய் விரித்துக் காட்டினாள். டாக்டர் அந்தக் கைகளை வரிசையாகப் பார்த்தார்.

பொட்டு வைத்த பையைத் திறந்தார். மூக்கு வழியாக ரப்பர் குழாயை மெல்ல மெல்ல இறக்கினார். வாளியில் கடலையும் பொரியும் புளித்த நாற்றத்தோடு வந்தன. அதைப் பார்க்க முடியாமல் அண்ணன் முனீஸ்வரர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இருட்டுவதற்குள் வயிறு அடங்கியது. நாங்கள் கற்பூரம் ஏற்றினோம். ஆனால் டாக்டர் அம்மணியின் குளம்பைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தபடியே இருந்தார். குதிரைக்குத் தானியம் அதிகமாகிவிட்டால் வயிற்றோடு போகாதாம், அதன் விஷம் காலுக்கு இறங்குமாம். மீன் பாசாரிலிருந்து ஐஸ் கட்டி வாங்கிவரச் சொன்னார். உடைத்து வாளியில் போட்டு, முன்னங்கால்களை அதில் வைத்து மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டோம். அண்ணன் விரதம் இருந்தார். இரண்டொரு நாளில் குளம்பு அடுப்புக் கல்லாகச் சுட்டது. முன்னங்கால்களை நீட்டிப் பின்னால் சாய்ந்து நின்றது அம்மணி, முள்ளின் மேல் நிறுத்தி வைத்ததைப் போல. காதை நிமிர்த்தக்கூட அதற்கு மனமில்லை.

டாக்டர் குதிரை முதலாளியிடம் பேசிவிட்டு அண்ணனைத் தனியாகக் கூப்பிட்டார். நானும் கூட நின்றேன். குளம்புக்குள் எலும்பு இறங்கிவிட்டது, இனி ஒவ்வோர் அடியும் வேதனைதான், ஊசி போட்டு அனுப்பிவிடலாம் என்றார்.

அண்ணன் அழவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார். "டாக்டர், பிரசாதம் எப்படி டாக்டர் கெடுதல் பண்ணும்?"

"மனுஷனுக்கு ஒத்துக்கலன்னா வாந்தி வரும் பெருமாள். குதிரைக்கு வாந்தி எடுக்க முடியாது. உள்ள போனா உள்ளதான். சாமி மேல இதுல கேஸ் இல்ல லா."

அண்ணன் அம்மணியின் நெற்றியில் திருநீறு பூசிவிட்டு, காதருகில் என்னவோ சொன்னார். பிறகு டாக்டருக்கு வழி விட்டார்.

அதற்குப் பிறகு லாயத்தில் ஒரு வழக்கம் வந்தது. ஆயுத பூஜைக்கு முனீஸ்வரர் முன்னால் வாழை இலையில் பச்சைப் புல் படைப்போம். குதிரைகளுக்கு அந்தப் புல் மட்டும்தான். தினமும் காலையில் முதல் வேலையும் அதுதான், ஒரு பிடி புல் நீட்டுவது. வாங்கினால் நல்லது. முகம் திருப்பினால் உடனே டாக்டர். அண்ணன் கடைசிவரை விளக்கேற்றினார். ஆனால் எந்தக் கோயிலிலும் சுண்டலைக் கையில் வாங்கியதில்லை. "வயித்துக்கு ஆவாது தம்பி" என்பார். நானும் நம்புவதுபோலத் தலையாட்டுவேன். சாமிமேல் எனக்குக் குறை இல்லை. அன்பாகக் கொடுத்தது எப்படி அப்படி ஆயிற்று என்று மட்டும் இன்றும் பூஜை நேரத்தில் மனது கேட்கிறது.

கல்யாண வாசலில் குதிரையைப் பிடித்திருந்தவனிடம், "தம்பி, இதுக்கு வயிறு வலிக்குது, மேளத்த நிறுத்தச் சொல்லு" என்றேன்.

"இல்ல அங்கிள், ஷோ காட்டுது."

லட்டு வைத்திருந்த பெண்மணி சிரித்தார். "ஒண்ணே ஒண்ணுதானே அங்கிள், என்ன ஆவப்போவுது?"

நான் அவர் கையைத் தட்டிவிடாத குறைதான். கால்வாய் ஓரத்துக்குப் போய், பட்டு வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு பிடி புல் பிடுங்கி வந்தேன். நீட்டினேன். குதிரை முகத்தைத் திருப்பிக்கொண்டது. அப்போதுதான் குதிரையைப் பிடித்திருந்தவன் முகமும் மாறியது. போனை எடுத்தான். அவனுக்குத் தெரிந்த ஒரே குதிரை டாக்டர் சுங்கை பூலோவில் வேறு வேலையில் இருக்கிறாராம், வர நேரமாகுமாம். கயிற்றைப் பிடித்து மெல்ல நடத்தத் தொடங்கினான். கொஞ்ச தூரம் கூடவே போனேன். லோரி வந்து ஏற்றிக்கொண்டு போனது. அது என்ன ஆயிற்றென்று எனக்குத் தெரியாது.

எங்கள் லாயம் இருந்த இடத்தில் இப்போது கொண்டோ அடுக்குமாடி நிற்கிறது. முனீஸ்வரரை வேறு கோயிலில் கொண்டுபோய் வைத்தார்கள். அண்ணன் போய்ச் சேர்ந்தார், டாக்டரும். அவருடைய நம்பர் இன்னும் எனக்கு மனப்பாடம். கூப்பிட்டால் எடுக்கத்தான் ஆள் இல்லை.

லோரி போன திக்கைப் பார்த்துக்கொண்டு நின்றேன். "என்ன அங்கிள், கையில புல்லு?" என்று யாரோ ஒரு பையன் கேட்டான். சுற்றிலும் பார்த்தேன். அத்தனை கூட்டத்தில், அந்தப் புல் எதற்கென்று கேட்காமலே தெரிந்துகொள்ள எனக்கு ஒருவரும் மிச்சம் இல்லை.