வெறுங்காலோடு ஏறிய பிரமிட்

அண்ணை, நீ பார்க்க ஆசைப்பட்ட ஊரை நான் பார்த்துவிட்டு வந்துவிட்டேன். நம் இரண்டு பேருக்கும் மெக்சிக்கோ டிக்கெட் எடுத்துவைத்துவிட்டு, வேலையால் வரும் வழியில், ஆட்டோபான் நெடுஞ்சாலை விபத்தில் போய்விட்டாய்.

முப்பத்தோராம் நாள் காரியத்துக்கு முன்பே பயணத் தேதி வந்துவிட்டது. "செத்தவீட்டுப் பிள்ளைக்கு ஊர்சுத்த ஊர்லாப் கேக்குதோ?" என்று மாமி போனில் கேட்டா.

அம்மா அதைக் கணக்கெடுக்கவில்லை. "அவன் ஆசையா எடுத்தது, நீ போயிட்டு வா. இஞ்சை துடக்கெண்டு கோயிலுக்குள்ள போக ஏலாது. அங்கை எங்களை ஆருக்குத் தெரியும்? ஒரு கோயிலைக் கண்டால் அவனுக்காகக் கும்பிடு."

உனக்காக ஒரு வார்த்தை கேட்க வேண்டிய நேரத்தில்தான் பேர்லின் நொய்கெல்ன் முருகன் கோயில் எங்களுக்குப் பூட்டு. அதனால் கும்பிடுவதற்காகவே கடல் தாண்டிப் போனேன்.

நீ ஆசைப்பட்ட அந்தச் சின்ன ஊரில் எல்லா வீட்டுக்கும் ஒரே மஞ்சள். வீதி முடிகிற இடத்தில் பிரமிட் நிற்கிறது. பேர்லினில் பழைய சுவரில் ஆணி அடிக்கவே அனுமதி கேட்க வேண்டும். அங்கே பிரமிட்டில் மோட்டார் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, பக்கத்தில் உடுப்புக் காயப்போட்டிருந்தார்கள்.

பழைய கோயில் என்றார்கள். உடனே செருப்பைக் கழற்றிவிட்டேன். நல்ல மத்தியானம், கல் தோசைக்கல் மாதிரிக் கொதித்தது. எங்கள் பஸ்ஸில் வந்த ஜெர்மன்காரர் ஒருவர் நின்று, "இங்கே இது கட்டாயமா?" என்று கேட்டார். கோயிலென்றால் அப்படித்தான் என்றேன். மனிசன் சப்பாத்தைக் கழற்றி, சொக்ஸையும் மடித்து உள்ளே வைத்தார்.

"எங்கேயும் எழுதியிருக்கவில்லையே" என்றார் மனைவி.

"அந்தப் பிள்ளைக்குத் தெரியும். இந்த ஊர்ப் பிள்ளை" என்றார் அவர். நான் அவரோடு ஜெர்மன் மொழியில்தான் கதைத்தேன். மனைவியும் கழற்றினார். உண்மையான ஊர்க்காரர்கள் சப்பாத்தோடு எங்களைத் தாண்டி ஏறிப்போனார்கள்.

உச்சியிலிருந்து அம்மாவுக்குப் போன் எடுத்தேன்.

"என்ன சாமி பிள்ளை?"

"சூரியனாம். அந்தக் காலத்திலை ஸ்பெயின்காரர் கோயில்களை இடிச்சு, அந்தக் கல்லிலை கீழை சேர்ச் கட்டியிருக்கினம்."

"அப்ப ரெண்டு பேரும் இருக்கினம். நல்லதாப் போச்சு. கும்பிடு."

"துடக்கல்லோ அம்மா?"

"அதை ஏன் அவைக்குச் சொல்லுறாய்?"

கையைக் கூப்பிக் கண்ணை மூடினேன். உன் முகத்தை நினைக்கப் பார்த்தேன். என் கால்தான் நினைவில் வந்தது. சுடுது அண்ணை, சுடுது அண்ணை என்பதைத் தவிர வேறு வார்த்தை வரவில்லை. பின்னால் ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்ற ஜெர்மன்காரர் மெதுவாக, "எவ்வளவு நேரம் நிற்க வேண்டும்?" என்று கேட்டார். நீ போனபிறகு அன்றுதான் சிரித்தேன். சிரித்த வாயோடு அழுகையும் வந்துவிட்டது. அந்த மனிசி ஒன்றும் கேட்காமல் தன் போத்தல் தண்ணீரை என் காலில் ஊற்றினார்.

இறங்கிவந்து திரும்பப் போன் எடுத்து, "கும்பிட வரேல்லை அம்மா" என்றேன். அம்மா, "ஏலாட்டி விடு. கும்பிடத் தெரிஞ்ச ஆக்களிட்டைச் சொல்லு, அவை கும்பிடட்டும்" என்றா.

அதனால்தான் இதை, வாசிக்கிற உங்களுக்கும் எழுதுகிறேன். அண்ணைக்கு இருபத்தேழு வயது, நல்லவன். எனக்கு இன்னும் கும்பிட வரவில்லை. உங்களுக்கு எந்தச் சாமி என்றாலும் பரவாயில்லை, எல்லாரும் அவனுக்காக ஒருக்கா கேளுங்கோ.