கடை மாடியில் ஒரு கணப்பு

கல்யாணமாகி இலங்கையின் தேயிலை மலையிலிருக்கும் அட்டனுக்கு வந்தபோது எங்கள் குடித்தனம் பெரிய கடைவீதியில், எங்கள் ஜவுளிக்கடைக்கு மேல்மாடியில். தோட்டத்துத் துரைமார்களுக்குச் சாமான் விற்பதற்காக ஒரு வெள்ளைக்காரர் கட்டிய கட்டடமாம் அது. சுதந்திரம் கிடைத்த கையோடு அவர் கப்பலேற, என் மாமனார் வாங்கிப்போட்டார். முகப்பில் செங்கல் வளைவுகள், மேலே தகரக்கூரை, அதன் விளிம்பு நெடுக லேஸ் பின்னியதுபோல் மரவேலை. துணி எடுக்க வருகிறவர்கள் படியேறுமுன் அதை ஒருதரம் அண்ணாந்து பார்ப்பார்கள்.

எங்கள் அறைச் சுவரில் ஒரு பெரிய கணப்பு இருந்தது. வெள்ளைக்காரர் விறகெரித்துக் குளிர்காய்ந்த இடம். மாமியார் அதற்குள் அரிசி மூட்டை வைத்திருந்தார். மாமனாருக்குப் பின் கடையைப் பார்த்த என் வீட்டுக்காரரோ அதை இடித்துவிட்டு அலமாரி வைக்க நினைத்தார்.

நான் திருச்சி வெயிலில் வளர்ந்தவள். ஆடி மழையில் விரல் விறைத்துத் தோசைகூடத் திருப்ப வரவில்லை.

"இடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவ பத்த வச்சுப் பாக்கட்டுமாங்க?" என்றேன்.

"என்னமோ செய்யி."

மூட்டையை நகர்த்தி, காய்ந்த தேயிலைக் குச்சிகளை அடுக்கிப் பற்றவைத்தேன். புகை மேலே போகவில்லை. அறையை நிறைத்து, பலகைத் தரையின் இடுக்கு வழியாகக் கடைக்குள் இறங்கிவிட்டது. பக்கத்து ஊரான டிக்கோயாவிலிருந்து சேலை எடுக்க வந்தவர்கள் தெருவுக்கு ஓடினார்கள். வீட்டுக்காரர் இருமிக்கொண்டே ஏறி வந்தார்.

"கடைக்கே நெருப்பு வச்சிட்டியா?"

எனக்குக் கண்ணீரில் எதுவும் தெரியவில்லை. பின்னால் யாரோ சிரிப்பது கேட்டது. மாமியார். அதுவரை என்னிடம் அவர் சிரித்துப் பேசியதே இல்லை.

மறுநாள் கூரையேறிப் பார்த்த மேசன், புகைபோக்கியின் வாயைத் தகரம் வைத்து அடைத்திருக்கிறது என்றார். யார் அடைத்ததென்று வீட்டுக்காரருக்கும் தெரியவில்லை.

"நாந்தான் அடைக்கச் சொன்னேன்," என்றார் மாமியார். "இங்க வந்த புதுசுல, காத்தடிச்சா அதுக்குள்ள யாரோ அழுவுற மாதிரி கேக்கும். உங்க மாமா கடைக்கு எறங்கிருவாரு. தனியா இருக்கப் பயமா இருந்துச்சு."

"எனக்கும் இங்க பயமாத்தான் இருக்குது அத்தை," என்றேன்.

அவர் மேசனிடம் திரும்பி, "அதப் பிரிச்சு எடுத்துருப்பா," என்றார்.

அந்த மழைக்காலம் முழுக்க நாங்கள் இருவரும் கணப்பின் முன்னால் உட்கார்ந்துதான் காய்கறி நறுக்கினோம். தோட்டத்திலிருந்து கைப்பிள்ளையோடு நனைந்துகொண்டு வருகிற பெண்களை, "மேல வாங்க, புள்ளைக்கு ஈரத்தைக் காயவச்சுட்டுப் போங்க," என்று மாமியாரே படியிலிருந்து கூப்பிடுவார். கடையிலும் கூட்டம் கூடியது. வீட்டுக்காரர் தம் அலமாரியை மாடிப்படிக்கு அடியில் போட்டுக்கொண்டார்.